நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டவரின் மனைவி

என் அக்காவுக்குக் கல்லூரியில் ‘கண்ணாடி மேடம்’ என்று பெயர். அவள் கண்ணாடி போடுவதில்லை. தெருக்கோடியில் நடக்கிற சண்டையில் யார் முகம் முதலில் சிவந்தது என்று சொல்லக்கூடிய கண் அவளுக்கு. பெயர் வந்தது அவள் வகுப்புக்கு எடுத்துப்போகும் தகரப் பெட்டியால். அதில் ஐந்து பழைய கண்ணாடிகள் இருக்கும். எங்கள் அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது மிஞ்சியவற்றில் ஐந்தை எடுத்து, வண்ணத் தாள் ஒட்டி, பாடம் நடத்தும் சாமானாக மாற்றிக்கொண்டாள்.

அவள் நடத்துவது உளவியல். இரண்டாம் ஆண்டில் ‘அணுகுமுறைகள்’ என்று ஒரு பாடம் உண்டு. மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்ற ஒரே கேள்விக்கு அறிஞர்கள் கட்சி கட்டிக்கொண்டு சொன்ன பதில்கள்தான் பாடம். எல்லாம் ஆழ்மனத்தின் வேலை, சின்ன வயதில் புதைத்தது இப்போது முளைக்கிறது என்கிறது ஒரு கட்சி. அது சிவப்புக் கண்ணாடி. ஆழமும் வேண்டாம், மனமும் வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற நடத்தையை மட்டும் பேசு, எல்லாம் பழக்கிவிட்டதுதான் என்கிறது நடத்தையியல், மஞ்சள். உள்ளே ஓடுகிற எண்ணத்தைப் பிடி என்கிறது அறிதல் அணுகுமுறை, நீலம். மூளையையும் நரம்பையும் பார், மற்றதெல்லாம் கதை என்கிறது உயிரியல், சாம்பல். மனிதனை இப்படிக் கூறு போடாதீர்கள், அவன் அன்பும் மதிப்பும் தேடி வளரத் துடிக்கிறவன் என்று எல்லோரோடும் மல்லுக்கு நிற்கிறது மனிதநேய அணுகுமுறை, பச்சை. நான் அதே கல்லூரியின் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிறவள். இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்து தெரிந்துகொண்டது.

அக்கா சின்ன வயதிலிருந்தே காரணம் சொல்கிறவள். என் பொம்மையின் கையை உடைத்துவிட்டு, “நீ அதை எனக்குக் காட்டிக் காட்டி வெறுப்பேத்தின, அதான் உடைச்சேன்” என்று நிதானமாக விளக்கினாள். விளக்கம் சரிதான். பொம்மைக்குத்தான் கை இல்லை. தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேளு என்று அம்மா கையை ஓங்கினாள். அக்கா அடியை வாங்கிக்கொண்டாள், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் உளவியல் படிக்கப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. காரணம் சொன்னால் சம்பளம் கொடுக்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

அவளுக்கு வாய்த்தவர் நேர் எதிர். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கான நேர்காணலுக்குப் போன ஒரு கட்டடத்தில் அக்கா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். இருட்டில் கதவைத் தட்டிக் கத்தியவளுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. “சாரிங்க. பயப்படாதீங்க. இதோ திறந்துடறேன். சாரிங்க.” லிஃப்டைச் செய்தவர் அவரில்லை, கெடுத்தவரும் அவரில்லை. ஆனாலும் கதவு திறக்கிற வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். “உலகத்துல இப்படியும் ஒரு ஆம்பளை இருக்காரான்னு தோணுச்சுடி” என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் கனிந்திருந்தது. அதை நான் மறக்கவில்லை, அவள்தான் மறந்தாள்.

அத்தானுடைய மன்னிப்புக்கு ஆள், பொருள் என்ற பேதம் கிடையாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் “சாரிங்க” என்பார். நாற்காலிக்குக்கூட மரியாதைப் பன்மைதான். கதவு நிலை, தண்ணீர்க் குடம், தெருவிளக்குக் கம்பம், தப்பாக வந்த தொலைபேசி அழைப்பு, எல்லாவற்றுக்கும் உண்டு. காலில் ரத்தம் வரும், அப்போதும் மேசை முனையைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் காலைப் பார்ப்பார். நான் கிண்டல் செய்தால் சிரிப்பார். “விடு லைப்ரரியம்மா, அதுக்கும் வலிக்குமோ என்னவோ.” என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

வகுப்பில் இந்தக் கதை நுழைந்தது ஒரு விபத்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை தெரிந்தவர்கள். அக்கா புத்தகத்தில் இருந்த உதாரணங்களைச் சொல்லிப் பார்த்தாள். மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய், கூண்டுக்குள் பொத்தானை அமுக்கும் எலி. ஒருவனும் அசையவில்லை. எரிச்சலில், “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், நாற்காலில இடிச்சா நாற்காலிகிட்ட சாரிங்கன்னு சொல்லுவார்” என்றாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அந்தச் சிரிப்பின் ருசியைக் கண்டுகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் அதே மனிதர், ஐந்து கண்ணாடி. ஆண்டுக்கு ஆண்டு கதைக்குக் கண் காது மூக்கு முளைத்தது. அத்தான் குரலிலேயே பேசிக் காட்டுவாளாம். மேசையைத் தடவிக்கொடுத்துக் காட்டுவாளாம். மாணவர்கள் அந்த மனிதருக்கு ‘சாரிங்க சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மற்ற துறைப் பிள்ளைகள்கூட அந்த வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா பெயர் பெற்ற ஆசிரியை ஆனாள்.

எனக்கு இதெல்லாம் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் வாயிலாகத்தான் தெரிந்தது. இந்த ஆண்டு ஒருநாள் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் புத்தகம் எடுக்க வந்தவள், தோழியிடம் சிவப்புக் கண்ணாடியின் விளக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சாரிங்க சார் சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டில் ஒரு நாற்காலியின் காலை உடைத்துவிட்டாராம். அவருடைய அப்பா, வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவரை அந்த நாற்காலிக்கு முன் நிற்கவைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம். கேட்டது போதாது, சத்தமாகக் கேள் என்றாராம். பயத்தில் கால்சட்டை நனைந்துவிட்டதாம். உறவுக்காரர்கள் சிரித்தார்களாம்.

எனக்கு உடம்பு கூசியது. அத்தான் இதை என்னிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கல்யாணமான புதிதில், பெண்டாட்டி என்று நம்பி ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த ஒருத்தி அதைப் பாடமாக நடத்தியிருக்கிறாள்.

அன்றைக்கே கல்லூரியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?”

“நான் பேர் சொல்லலையே. பேர் சொல்லாம சொன்னா அது உதாரணம். படிப்புல அப்படித்தான் செய்வாங்க.”

“அத்தானுக்குத் தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்? அவர் எங்க இங்க வரப்போறார்? நீ வாயை மூடிட்டு இருந்தா போதும்” என்றாள். பிறகு வழக்கம்போல் காரணம் சொன்னாள். பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், தேர்ச்சி கூடியிருக்கிறது, ஒரு மனிதனின் கஷ்டம் நூறு பேருக்குப் பாடமாவது நல்லதுதானே. அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அத்தானிடம் போய்ச் சொல்லி அவர் மனத்தை உடைக்கவும் எனக்குத் தைரியமில்லை. தெரியாமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்தையும் நடத்தி முடித்த வாரத்தில் அக்கா நடத்தையியலுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். யாராவது ஒருவரின் ஒரு பழக்கத்தைக் கவனியுங்கள்; அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது என்று குறித்து வாருங்கள். மனசுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று யோசிக்காதீர்கள், மஞ்சள் கண்ணாடிக்கு அது தேவையில்லை. அழகான வீட்டுப்பாடம்தான்.

அதே வாரம் கல்லூரி லிஃப்ட் நின்றுபோனது. வழக்கமாக வரும் மெக்கானிக் விடுப்பில் இருந்தார். கம்பெனியில் அத்தானைப் போகச் சொல்லிவிட்டார்கள். காலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது அவர் தன் நீலச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கிரீஸ் படப்போகிற சட்டைக்கு இஸ்திரி! அக்கா குளித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு எங்க வேலை தெரியுமா? உங்க காலேஜ்” என்றார் ரகசியமாக. “உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. திடீர்னு போய் நிக்கிறேன். அவ வேலை பார்க்கிற இடத்தை நான் பார்த்ததே இல்ல.”

வகுப்பில் நடப்பதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். லிஃப்ட் ஒரு மூலையில், அக்கா வகுப்பு இன்னொரு மூலையில், ஆயிரம் பேர் நடமாடுகிற இடம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்லூரிக்குப் போன பிறகு மனசு கேட்காமல் அக்காவுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அவள் அன்று முதல் மணியிலிருந்தே வகுப்பில் இருந்தாள்.

நூலகம் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தான் லிஃப்ட் கதவுக்கும் நடைக்கோடியில் இருக்கும் மின்பெட்டிக்கும் இடையே கருவிப் பையோடு போய்வந்து கொண்டிருந்தார். என்னைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தார். நான் கையசைத்துவிட்டுப் புத்தகங்களை அடுக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் கேட்டது.

“சாரிங்க.”

நடையில் ஒரு நாற்காலி கிடந்தது. கை நிறையச் சாமானோடு வந்தவர் இடித்துக்கொண்டிருக்கிறார். போகட்டும் என்று திரும்பினேன். மறுபடியும் “சாரிங்க”. அப்புறம் மறுபடியும். அதன் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். வெளியே வந்து பார்த்தேன். பக்கத்துத் தேர்வு அறையிலிருந்து நாற்காலிகளை இழுத்து வந்து நடையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தார்கள். அவர் மின்பெட்டிப் பக்கம் போகும்போது ஒன்றை நகர்த்திப் போடுவார்கள். மாடிப்படியில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒவ்வொரு நாற்காலியையும் ஓரமாக எடுத்து வைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்துகொண்டே இருந்தார். பிள்ளைகள் ஆசிரியை சொன்னதை மீறவில்லை. எத்தனை முறை என்று எண்ணச் சொன்னது என் அக்காதான்.

நான் போய்ப் பிள்ளைகளை விரட்டுவதற்குள் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து அத்தானிடம் போய்விட்டாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நல்ல பெண், அதுதான் வினையாகிப்போனது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க பாடத்துல உங்கள மாதிரியே ஒருத்தர் வருவார். சாரிங்க சார்னு பேரு. அவரும் இப்படித்தான், நாற்காலிகிட்ட சொல்லுவார். அதான் இவங்க சும்மா விளையாட்டுக்கு…”

அத்தான் சிரித்தார். “அப்படியா? என்னை மாதிரி இன்னொருத்தர் இருக்காரா? ஏன் அப்படிப் பண்றாராம்?”

அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாடத்தை யாராவது ஆசையாகக் கேட்டால் நல்ல மாணவிக்கு வேறென்ன வேண்டும்? அடித்தால் சாரி, சாரி சொன்னால் அடி நிற்கும், அப்படியே பழகிப்போய் அது எல்லாப் பொருளுக்கும் பரவிவிட்டது, இது மஞ்சள் என்றாள். எது நடந்தாலும் தப்பு தன்னுடையதுதான் என்ற எண்ணம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது, இது நீலம். திடுக்கிடும்போது யோசிப்பதற்கு முன்பே நாக்கு முந்திக்கொள்கிற நரம்புக் கோளாறாக இருக்கலாம், சாம்பல். தன்னை யாரும் ஒரு ஆளாக மதிக்கமாட்டார்கள் என்ற ஏக்கத்தில் நாற்காலியிடம்கூட அனுமதி கேட்கிறார், பச்சை. அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி, புது இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறவர் போலக் கவனமாகக் கேட்டார்.

“ஆனா முக்கியமானது சிவப்பு சார்” என்று ஆரம்பித்தாள் அவள். நான் ஓடிப்போய், “நீ கிளாஸுக்குப் போம்மா” என்று தோளைத் தொட்டேன். அவள் நிறுத்தவில்லை. உடைந்த நாற்காலி, அப்பா, உறவுக்காரர்கள், கால்சட்டை என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அத்தானுடைய சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. “இதெல்லாம் யாரும்மா சொன்னது?” என்றார்.

“எங்க மேடம் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் வகுப்பு முடிந்து, தகரப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, பின்னால் பத்துப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே அக்கா நடையில் வந்தாள்.

“மேடம், மேடம், இங்க பாருங்க, சாரிங்க சார் நேர்லயே வந்துட்டார்!” என்று படியில் இருந்த ஒருவன் கத்தினான்.

அக்கா பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, அதில் புதிதாகப் பட்ட கிரீஸ், சுற்றிலும் நாற்காலிகள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். ‘இவர் என் வீட்டுக்காரர்’ என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அத்தான் வீட்டுக்குப் போய் ஒருநாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மறுநாள் மன்னித்திருப்பார், அதுவும் அவரே ‘சாரி’ சொல்லி.

“உங்களுக்கு இவரைத் தெரியுமா மேடம்?” என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

“தெரியாது” என்றாள் அக்கா. “லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் போல. அவர் வேலையைக் கெடுக்காதீங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன். அத்தான் கண்ணாலேயே என்னை அடக்கினார். பிறகு அக்காவைப் பார்த்து, லிஃப்டில் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

“சாரிங்க மேடம். இன்னும் கொஞ்ச நேரத்துல ஓட ஆரம்பிச்சுடும்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, ஆனால் எழுதியாக வேண்டும்: அக்காவும் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை, உதட்டோரம் கொஞ்சம், கூட்டத்தோடு சேர்ந்து. அந்த அரைச் சிரிப்பை அத்தான் பார்த்துவிட்டுக் குனிந்து கருவிப் பையை மூடினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. அத்தான் எங்களுக்கு முன்பே வந்து டீ போட்டு வைத்திருந்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். “டீ ஆறிடும்” என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சாப்பாட்டு மேசையின் நாற்காலியில் அவருடைய முழங்கால் நன்றாக இடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவருடைய வாய் லேசாகத் திறந்தது, மூடிக்கொண்டது. முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்கவில்லை. நாற்காலிகளை எல்லாம் சுவரோடு சேர்த்துப் போட்டுவிட்டார், இடிக்க வாய்ப்பே இல்லாதபடி. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். அக்கா எதிரே வந்தால் நின்று வழிவிடுவார், பேசமாட்டார். இதைவிட அவர் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா அழுதாள்.

“அவர் உள்ளுக்குள்ள அடக்கி வைக்கிறார். இது ஒரு தற்காப்பு. மனசு தன்னைக் காப்பாத்திக்க…”

“கண்ணாடியைக் கழட்டுடி!” என்று கத்திவிட்டேன். அக்காவை நான் ‘டி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “அவர் மனசு எப்படி வேலை செய்யுதுன்னு நீ சொன்னது போதும். போய் மன்னிப்புக் கேளு.”

“தினமும் கேட்கத்தான் அவர்கிட்ட போறேன். அவர் முன்னாடி போய் நின்னா விளக்கம்தான் வருது. ஏன் அப்படிச் சொன்னேன்னு சொல்ல ஆரம்பிச்சுடறேன். அவர் ‘சரி’ன்னுட்டுப் போயிடறார்.” முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். “அந்தப் பசங்க முன்னாடி, கிரீஸ் கையோட நிக்கிறவரை என் புருஷன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் உண்மை. அந்தக் கையைப் பார்த்துத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்.”

முதன்முறையாக அவள் சொன்ன காரணத்தில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். வகுப்பில் உண்மையைச் சொல்லப் போகிறேன், நீயும் வா, தனியாக முடியாது என்றாள். நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போய்க் கதவருகே நின்றேன். அக்கா தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. மேசையில் கை ஊன்றி நின்றுகொண்டு, “சாரிங்க சார் என் கணவர்” என்றாள். “அன்னைக்கு லிஃப்ட் பக்கத்துல நீங்க பார்த்தீங்களே, அவர்தான். என்னை நம்பி என்கிட்ட மட்டும் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லி உங்களைச் சிரிக்க வச்சேன். நீங்க கேட்டப்ப, தெரியாதுன்னு சொன்னேன்.”

நாற்காலி நகர்த்தியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல் பெஞ்சுப் பெண் அழுதாள். பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். கிண்டலுக்குக் கேட்கிறவன் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கிற முகம்.

“மேடம், நீங்க தெரியாதுன்னு சொன்னீங்களே, அதை எந்தக் கண்ணாடியால பார்க்கணும்?”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளுக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் தெரியுமே. “அது…” என்றாள். மறுபடியும் “அது…” என்றாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள், அவளை உற்றுப் பார்த்தபடி. ஆண்டுக்கணக்காகத் தன் வீட்டுக்காரரை அந்த மேசைமேல் கிடத்தி எல்லோரையும் பார்க்கவைத்தவள், இப்போது அங்கே தானே கிடந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுக்குள்ள ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன்டி. அஞ்சுலயும் அசிங்கமாத்தான் தெரியறேன்” என்றாள்.

ஆனாலும் பாரம் இறங்கிய நிம்மதி அவளிடம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேகமாக நடந்தாள். எல்லோர் முன்னாலும் தவறை ஒப்புக்கொண்டாகிவிட்டது, இனி அவரிடம் சொல்வது சுலபம், அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தான் கூடத்துத் தரையில் தாள் விரித்து, ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் அவர் எதிரில் நின்றாள்.

“என்னங்க, நான் இன்னைக்குக் கிளாஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது நீங்கதான்னு சொல்லிட்டேன். தெரியாதுன்னு சொன்னது தப்புன்னும் சொல்லிட்டேன்.”

அத்தானுடைய கை நின்றது.

“எதுக்கு?” என்றார். குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். “இத்தனை நாளா யாரோ ஒருத்தன்னுதானே சிரிச்சாங்க. இப்ப அந்தப் பையன் நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே.”

அக்கா அதை யோசித்திருக்கவே இல்லை. நானும்தான். தன் மனத்தைக் கழுவிக்கொள்ள அவள் மறுபடியும் அவரையே எடுத்து அந்தப் பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், இந்தத் தடவை யார் என்று முகத்தோடு காட்டி. அவரிடம் சொல்ல வேண்டியதை அவரைத் தவிர ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் உடம்பு கூனிக் குறுகுவதை நான் பார்த்தேன். விளக்கம் எதுவும் வரவில்லை. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது, தகரப் பெட்டி தரையில் மோதிச் சத்தம் எழுப்பியது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“சாரிங்க” என்றாள்.

அவ்வளவு மெல்லிய குரலில் அக்கா பேசி நான் கேட்டதில்லை. பொம்மையின் கை உடைந்த நாளிலிருந்து நான் காத்திருந்த சொல் அது. அத்தான் நிமிரவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“ஏன், எதுலயாவது இடிச்சுக்கிட்டியா?” என்று கேட்டார்.